குழாய்த் தண்ணீரும் குளோரினின் துணை விளைபொருட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளோரின் போட்ட தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போட வரும் ஆளையே திருப்பி அனுப்பும் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்தச் செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் அதை வைத்து எடுக்கப்படும் முடிவு ஆபத்தானது. அதனால்தான் இந்தக் கேள்வி பதில்.

குளோரின் போட்ட தண்ணீரில் புதிதாக என்ன உருவாகிறது?

ஏரி, ஆற்றுத் தண்ணீரில் மக்கிய இலை, பாசி, சேறு ஆகியவற்றிலிருந்து கரைந்த கரிமப் பொருட்கள் இருக்கும். தண்ணீரின் லேசான பழுப்பு நிறம் பெரும்பாலும் இவற்றால்தான். குளோரின் கிருமிகளைக் கொல்லும்போதே இவற்றோடும் வினைபுரிகிறது. அப்போது பிறப்பவைதான் கிருமிநீக்கத் துணை விளைபொருட்கள். இதுவரை 700க்கும் மேற்பட்டவற்றை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அளவில் பெரிய கூட்டம் இரண்டு: டிரைஹாலோமீத்தேன்கள், ஹாலோஅசிட்டிக் அமிலங்கள். ஆய்வகத்தில் முதலாவதை டி.எச்.எம். என்றும் இரண்டாவதை எச்.ஏ.ஏ. என்றும் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். டி.எச்.எம்.மில் நான்கு உறுப்பினர்கள்: குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோஃபார்ம்.

இது எப்போது தெரியவந்தது?

அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் 1908இல் ஊர் முழுவதற்குமான குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பித்தார்கள். குளோரோஃபார்ம் அதில் உருவாகிறது என்பது தெரிய 1974 வரை ஆனது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த யோஹனஸ் ரூக் என்ற வேதியியலாளர் அதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்களும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். 1979இல் அமெரிக்கா முதல் வரம்பை விதித்தது.

அப்படியானால் குளோரினையே நிறுத்திவிடலாமே?

கூடவே கூடாது. காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் சில நாட்களில், சில வாரங்களில் ஆளைப் படுக்க வைப்பவை. சிறு குழந்தையின் உயிரையும் எடுக்கும். துணைப் பொருட்களால் வரக்கூடிய ஆபத்து பல பத்தாண்டுகள் குடித்தால் கொஞ்சம் கூடக்கூடிய ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. துணைப் பொருட்களைக் குறைக்கப் போய்க் கிருமிநீக்கத்தில் கைவைத்துவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தன் குடிநீர் வழிகாட்டியில் அழுத்தமாகச் சொல்கிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரம் குழாய் வெறுமையாக, அழுத்தமில்லாமல் கிடக்கும். பக்கத்தில் சாக்கடை கசிந்தால் விரிசல் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் நமக்கு இருக்கும் ஒரே காவல், தண்ணீரோடு கூட வரும் மீதக் குளோரின். குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 சொல்கிறது.

எனவே பரிசோதனையை யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை மீதக் குளோரினும், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியாவும்தான். பஞ்சாயத்துத் தொட்டியில் ஆபரேட்டர் ஒரு சின்னச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாரே, அது மீதக் குளோரின் சோதனை. டி.பி.டி. மாத்திரை போட்டால் அதே சோதனையில் நிறம் இளஞ்சிவப்பாக வரும். நிறமே வரவில்லை என்றால் டி.எச்.எம். பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள்.

உண்மையில் உடம்புக்கு என்ன கெடுதல்?

விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன, கட்டிகள் வந்தன. அதை வைத்து, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோஃபார்மையும் புரோமோடைகுளோரோமீத்தேனையும் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. அது ஐயத்துக்கு இடமான பிரிவு. உறுதியான புற்றுக்காரணிகள் முதல் பிரிவில் இருக்கும், புகையிலை அங்கேதான் இருக்கிறது.

மனிதர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படும் தொடர்பு சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு. 2020இல் ஸ்பெயினின் பார்சலோனாவை மையமாகக் கொண்ட குழு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குழாய்த் தண்ணீர்த் தரவுகளைத் திரட்டிக் கணக்கிட்டது. அங்கே டி.எச்.எம். சராசரி லிட்டருக்கு 11.7 மைக்ரோகிராம். அந்த நாடுகளில் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 6,500க்கும் மேற்பட்டவை, டி.எச்.எம்.மோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். டி.எச்.எம். இங்கே ஓர் அடையாளம் மட்டுமாக இருக்கலாம், கெடுதலைச் செய்வது கூடவே உருவாகும் வேறொரு பொருளாக இருக்கலாம். இது இன்னும் தீராத கேள்வி. அதே புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் எவ்வளவோ பெரிய காரணம். வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால், வடிகட்டி வாங்கும் முன் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

கர்ப்பிணிகள் பயப்பட வேண்டுமா?

கலிஃபோர்னியாவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு, டி.எச்.எம். லிட்டருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ள தண்ணீரை நாளுக்கு ஐந்து குவளையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் கருச்சிதைவு கூடியதாகச் சொன்னது. பின்னால் வந்த பெரிய ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. எடை குறைந்த குழந்தை பிறப்பது பற்றியும் முடிவுகள் அங்குமிங்குமாகத்தான் இருக்கின்றன. பயப்படும் அளவுக்குச் சான்று இல்லை. மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் நல்ல கார்பன் வடிகட்டியில் பிடித்துக் குடிக்கலாம். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதுதான் தவறு.

எவ்வளவு வரை இருக்கலாம்?

ஐ.எஸ். 10500 நான்குக்கும் தனித்தனியாக வரம்பு வைத்திருக்கிறது. லிட்டருக்கு மைக்ரோகிராமில் சொன்னால் குளோரோஃபார்ம் 200, புரோமோடைகுளோரோமீத்தேன் 60, மற்ற இரண்டும் தலா 100. எச்.ஏ.ஏ.வுக்கு அதில் வரம்பு இல்லை. அது ஒரு பெரிய இடைவெளி என்பது என் கருத்து. அமெரிக்காவில் நான்கும் சேர்ந்து 80, எச்.ஏ.ஏ.வில் அவர்கள் அளக்கும் ஐந்தும் சேர்ந்து 60. ஐரோப்பிய ஒன்றியத்தில் 100, 60. கனடாவில் 100, 80.

உலக சுகாதார நிறுவனம் குளோரோஃபார்முக்கு 300 வரை விடுகிறது. அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். ஓர் ஆளின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம் வரை வாழ்நாள் முழுவதும் உள்ளே போகலாம் என்று வைக்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு அது 900. அதில் முக்கால் பங்கு, அதாவது 675, தண்ணீர் வழியாக வரட்டும் என்று ஒதுக்கி, நாளுக்கு இரண்டு லிட்டர் என்று வகுத்தால் 337. அதைக் குறைத்து 300 ஆக்கினார்கள். அந்த 15 என்ற எண்ணுக்குள்ளேயே பாதுகாப்புக்காகப் பல மடங்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஆகவே வரம்பைத் தாண்டிய மறுநாளே ஏதோ ஆகிவிடாது, வரம்புக்குக் கீழே இருப்பதாலேயே கெடுதல் பூஜ்யம் என்றும் ஆகாது.

தண்ணீரில் மருந்து வாடை அடித்தால் டி.எச்.எம். அதிகம் என்று அர்த்தமா? டி.டி.எஸ். மீட்டரில் தெரியுமா?

இல்லை, தெரியாது. மூக்குக்குத் தெரிவது குளோரின். டி.டி.எஸ். மீட்டர் பார்ப்பது கரைந்த உப்பை. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும் டி.எச்.எம். அதற்குப் பிடிபடவே பிடிபடாது. வீட்டு வாசலில் மீட்டரை நனைத்துக் காட்டி வடிகட்டி விற்க வருபவர் "கேன்சர் கெமிக்கல்" என்று சொன்னால் கதவைச் சாத்திவிடலாம்.

எந்தத் தண்ணீரில் அதிகம் எதிர்பார்க்கலாம்?

ஏரி, அணைத் தண்ணீர். பாசி படரும் காலம். வெயில் காலம், ஏனென்றால் சூடு கூடக்கூட வினை வேகமாகும். குளோரின் போட்ட இடத்திலிருந்து தொலைவில் இருக்கும் கடைசித் தெருவில் டி.எச்.எம். கூடியிருக்கும், எச்.ஏ.ஏ. அங்கே சில சமயம் குறையவும் செய்யும். குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரில் இவை உருவாகவே வழியில்லை. அதில் கவலைப்பட வேண்டியவை வேறு.

கடலோரக் கதை தனி. கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் போல புரோமைடு, அதாவது உப்பாகக் கரைந்த புரோமின், இருக்கிறது. நிலத்தடியில் உப்பு நீர் ஏறிய போர்வெல்லிலும் அது கலந்திருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும்போது சவ்வு பெரும்பகுதியைத் தடுத்தாலும் மீதி கொஞ்சம் வந்துவிடும். அந்தத் தண்ணீரில் குளோரின் போட்டால், அது புரோமைடைத் தட்டி எழுப்பி, குளோரோஃபார்முக்குப் பதில் புரோமின் ஏறிய டி.எச்.எம்.களை உண்டாக்கும். புரோமின் ஏறியவை பொதுவாகக் குளோரின் மட்டும் உள்ளவற்றைவிட நச்சு கூடியவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னையில் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளின் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே ஊருக்குள் வருகின்றன. ஒன்றில் புரோமைடு, இன்னொன்றில் கரிமப் பொருள். இரண்டும் கலக்கும் பகுதிகளில் நான்கு டி.எச்.எம்.களையும் தனித்தனியாக அளந்து பார்ப்பது அவசியம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, கடலோர அடுக்குமாடிகளில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து விழும் சம்ப்புக்குள் கேனிலிருந்து ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவக் குளோரின்) கண்ணளவில் ஊற்றுவது. அளவு யாருக்கும் தெரியாது. அந்தக் கேனும் மொட்டை மாடி வெயிலில் மாதக்கணக்கில் கிடந்திருக்கும். ஹைப்போ வெயிலில் கெட்டால் வீரியம் குறைவதோடு குளோரேட் என்ற இன்னொரு பொருளும் அதில் சேரும். அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். சின்ன கேனாக வாங்குங்கள், நிழலில் வையுங்கள், தயாரிப்புத் தேதி பாருங்கள், ஊற்றிய பின் மீதக் குளோரினை அளந்து பாருங்கள்.

பரிசோதனைக்கு மாதிரி எப்படி எடுக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். காலியான தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தால், அந்தப் பரிசோதனைக்குக் கட்டும் பணம் வீண். டி.எச்.எம். எளிதில் ஆவியாகும், பாட்டிலின் மேல்பகுதிக் காற்றுக்குள் போய்விடும். உள்ளே இருக்கும் குளோரினும் சும்மா இராது, வழியெல்லாம் புதிதாக டி.எச்.எம். செய்துகொண்டே வரும்.

ஆய்வகத்திடம் குப்பியைக் கேட்டு வாங்குங்கள். 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி, மூடியின் உள்பக்கம் டெஃப்ளான் பூச்சு. அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் கிடக்கும், அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். குளோரினை அந்த நொடியிலேயே அடக்கி வினையை நிறுத்துவது அதுதான். குழாய் முனையில் வலை இருந்தால் கழற்றிவிட்டு, சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு பென்சில் தடிமனுக்குக் குறையுங்கள். குப்பியைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக, நுரைக்காமல் நிரப்ப வேண்டும். தூள் வழிந்து போகாமல், விளிம்புக்கு மேல் தண்ணீர் லேசாகக் குவிந்து நிற்கும் வரை நிரப்பி மூடியைத் திருகுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். ஒரு குமிழி மேலே ஏறினால் அந்தக் குப்பி உதவாது, வேறு குப்பியில் மறுபடி எடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு குப்பி. ஐஸ் பெட்டியில் வைத்து, உறையவிடாமல், கூடியவரை மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். எச்.ஏ.ஏ.வும் பார்க்க வேண்டுமென்றால் அதற்குக் குப்பி வேறு, போடும் மருந்தும் வேறு.

எங்கே எடுப்பது? தெருக்குழாயிலிருந்து நேராக வரும் இணைப்பில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று. முதலாவது ஊர்த் தண்ணீரின் நிலையைச் சொல்லும். இரண்டாவது உங்கள் சம்ப்பும் மேல் தொட்டியும் அதற்கு என்ன செய்தன என்று சொல்லும். இரண்டையும் ஒரே குப்பியில் கலந்தால் எதுவும் தெரியாது.

ஆய்வகத்தில் என்ன கேட்க வேண்டும்?

"குடிநீர்ப் பரிசோதனை" என்று பொதுவாகக் கேட்டால் கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், பாக்டீரியா என்று ஒரு பட்டியல் வரும். டி.எச்.எம். அதில் பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்க வேண்டும். டி.எச்.எம்.களைப் பிரித்து அளக்கும் ஜி.சி. (கேஸ் குரோமடோகிராஃப்) கருவி இருக்கிறதா, ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் உண்டா, அந்த அங்கீகாரப் பட்டியலில் குடிநீரில் டி.எச்.எம். உண்டா, நான்கும் தனித்தனியாக வருமா, அவர்களால் கண்டறிய முடிகிற மிகக் குறைந்த அளவு எவ்வளவு. இவ்வளவும் ஃபோனிலேயே கேட்டுவிடலாம்.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

ஒரு கற்பனை அறிக்கை: குளோரோஃபார்ம் 90, புரோமோடைகுளோரோமீத்தேன் 30, டைபுரோமோகுளோரோமீத்தேன் 40, புரோமோஃபார்ம் 50. இந்திய வரம்புப்படி ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிறது. அறிக்கையின் அடியில் "தரத்துக்கு உட்பட்டது" என்று முத்திரை விழும். உலக சுகாதார நிறுவனத்தின் முறை வேறு. ஒவ்வொன்றையும் அதன் வரம்பால் வகுத்துக் கூட்டச் சொல்கிறது, விடை 1க்கு மேல் போகக் கூடாது. 90/300 என்பது 0.3. 30/60 என்பது 0.5. 40/100 என்பது 0.4. 50/100 என்பது 0.5. மொத்தம் 1.7. அதே தண்ணீர் இங்கே தேறவில்லை. நான்கையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்வது இந்தக் கூட்டலுக்காகத்தான்.

ஒரு தடவை வந்த எண்ணை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒவ்வோர் இடத்திலும் காலாண்டுக்கு ஒரு மாதிரி எடுத்து, ஆண்டுச் சராசரியைத்தான் வரம்போடு ஒப்பிடுகிறார்கள். இங்கே ஒரு மாதிரிதான் எடுக்க முடியும் என்றால் கோடையில் எடுங்கள்.

கொதிக்க வைத்தால் போய்விடுமா?

டி.எச்.எம். பெரும்பகுதி போய்விடும். நன்றாகக் கொதி வந்த பின் மூடியைத் திறந்து சில நிமிடம் விடுங்கள், சமையலறை ஜன்னலும் திறந்திருக்கட்டும். எச்.ஏ.ஏ. அப்படிப் போகாது. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் மட்டும் சூட்டில் உடையும், மற்றவை தங்கிவிடும். கிருமிக்குக் கொதிக்க வைப்பது நல்லதுதான், அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

ஆர்.ஓ. இருந்தால் போதுமா?

ஆர்.ஓ. சவ்வு எச்.ஏ.ஏ.வை நன்றாகத் தடுக்கும். குளோரோஃபார்ம் போன்ற சின்ன மூலக்கூறு அதில் ஓரளவு நழுவிவிடும். டி.எச்.எம்.மைப் பிடிப்பது அதற்கு முன்னால் இருக்கும் கார்பன் வடிகட்டி. அதை வைத்திருப்பதே குளோரின் சவ்வை அரித்துவிடாமல் காக்கத்தான், டி.எச்.எம். பிடிபடுவது கூடுதல் நன்மை. கார்பன் நிரம்பிவிட்டால் அதற்கப்புறம் எதையும் பிடிக்காது, தண்ணீரின் சுவையிலும் உடனே தெரியாது. ஆகவே சர்வீஸ் ஆள் சொல்லும் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். தண்ணீரில் உப்பு இல்லை, டி.எச்.எம். மட்டும்தான் கவலை என்றால் ஆர்.ஓ.வே தேவையில்லை, நல்ல கார்பன் பிளாக் வடிகட்டி போதும், தண்ணீரும் வீணாகாது. ஆனால் கார்பனைத் தாண்டிய தண்ணீரில் குளோரின் இருக்காது. பிடித்ததை அன்றைக்கே குடித்துவிடுவது நல்லது.

குளிக்கும்போதும் உள்ளே போகுமா?

போகும். வெந்நீர் ஷவரில் டி.எச்.எம். ஆவியாகி மூச்சில் ஏறும், தோல் வழியாகவும் கொஞ்சம் போகும். குளித்தவர்களின் இரத்தத்தில் அளவு கூடுவதை அளந்திருக்கிறார்கள். கீசரில் கொதித்த தண்ணீரை மூடிய குளியலறையில் அரை மணி நேரம் விடுவதைத் தவிர்த்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டால் போதும். வாளித் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம்.

கேன் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லையே?

கேன் தண்ணீருக்குப் பல இடங்களில் ஓசோன் விடுகிறார்கள். மூலத் தண்ணீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதை புரோமேட் ஆக்கும். அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10 மைக்ரோகிராம்தான். குளோரினுக்குப் பயந்து கேனுக்குப் போவதால் கேள்வி மாறுகிறது, தீர்வதில்லை.

குளோரினுக்குப் பதில், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போட்டால்?

டி.எச்.எம். குறையும். சிங்கப்பூரிலும் பல அமெரிக்க நகரங்களிலும் அதைத்தான் போடுகிறார்கள். அதற்கும் விலை உண்டு. வாஷிங்டன் நகரம் 2000ஆம் ஆண்டில் குளோரமினுக்கு மாறியபோது பழைய ஈயக் குழாய்களின் உள்ளே படிந்திருந்த படலம் கரைந்து வீடுகளுக்கு ஈயம் வந்தது. குளோரமின் சிதைவதில் உருவாகும் ஒரு பொருள் பல பத்தாண்டுகளாகப் பெயரில்லாமல் இருந்தது, 2024இல்தான் அது குளோரோநைட்ரமைடு என்று கண்டறிந்தார்கள். அதன் கெடுதல் இனிமேல்தான் தெரிய வேண்டும்.

டி.எச்.எம். கூடியிருப்பது வேறு எதற்காவது அறிகுறியா?

ஆம். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க டெட்ராய்ட் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்றுக்கு மாறியது. கோடையில் பாக்டீரியா தென்பட்டது, கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள், குளோரினைக் கூட்டினார்கள். டி.எச்.எம். வரம்பைத் தாண்டியது, 2015 ஜனவரியில் மக்களுக்கு அறிவிப்பு போனது. அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்காத அந்தத் தண்ணீர் குழாய்களையும் அரித்துக்கொண்டிருந்தது, பின்னால் ஈயம் வெளிப்பட்டது. மக்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போய்க் காட்டினார்கள். பழைய தண்ணீருக்குத் திரும்ப 2015 அக்டோபர் ஆனது. டி.எச்.எம். அறிவிப்பு வந்த நாளிலேயே "ஏன் இவ்வளவு குளோரின் தேவைப்படுகிறது" என்ற கேள்வியைக் கடைசி வரை கொண்டுபோயிருந்தால், குழந்தைகள் அந்த ஈயத்தைக் குடித்த மாதங்கள் குறைந்திருக்கும்.

ஊராட்சியிடம், நகராட்சியிடம் என்ன கேட்கலாம்?

குளோரினைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அது போடும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கலங்கல் ஏரித் தண்ணீர் நிலையத்துக்குள் வந்ததுமே குளோரின் போடாமல், படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, அப்புறம் போட்டால் கரிமப் பொருளின் பெரும் பங்கு முன்னாலேயே போயிருக்கும். குறைந்த குளோரினே போதும், டி.எச்.எம்.மும் குறையும். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம். மேல்நிலைத் தொட்டியைக் குறித்த நாளில் கழுவுகிறார்களா, கடைசித் தெருக் குழாயில் மீதக் குளோரின் பார்க்கிறார்களா, ஆண்டுக்கு ஒரு தடவையாவது கோடையில் டி.எச்.எம். பார்க்கிறார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் குடிநீர் வழங்கும் ஒவ்வோர் அமைப்பும் ஜூலை 1க்குள் முந்தைய ஆண்டின் எண்களை மக்களுக்குக் கொடுத்தாக வேண்டும். இங்கே கிராமசபையில் மனுவாகவோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பமாகவோ அதே எண்களைக் கேட்கலாம். மாதிரி எடுத்த தேதியும் இடமும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.